பேய் இருக்கிற பப்பும் பேய்ப்படம் எடுக்கிற பசங்களும்

குறும்படம் எடுக்கிறவர்களுக்கு லொக்கேஷன் தேடுவது ஒரு தனி போதை. கதை முழுசாக இருக்காது, நடிகர் முடிவாகியிருக்க மாட்டார், பட்ஜெட் என்பது அவரவர் சட்டைப்பையில் இருக்கிற காசுதான். ஆனாலும் லொக்கேஷன் மட்டும் பிரமாதமாக அமைந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. பேய்க்கதை என்றால் கேட்கவே வேண்டாம். இங்கிலாந்தில் சினிமா படிக்கிற மாணவர்கள் நாலு பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பேய்ப்படம் எடுக்கக் கிளம்பினால் சுலபமாகக் கண்ணில் படுவது ஏதாவது ஒரு பழைய பப். அதிலும் பேய் உலாவுவதாகப் பேர் வாங்கிய பப் என்றால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

பப் என்றதும் நம்மூர் டாஸ்மாக்கை நினைத்துக்கொள்ளக் கூடாது. இவற்றில் பல, குதிரைவண்டிக் காலத்துச் சத்திரங்கள். கீழே குடியும் சாப்பாடும் கணப்பும், மாடியில் படுக்க இடம், பின்னால் லாயம், அடியில் பீப்பாய்கள் அடுக்கிய நிலவறை. முன்னூறு நானூறு வருஷம் ஜனங்கள் வந்துபோன இடத்தில் நாலைந்து பேயாவது சேராமல் இருக்குமா? பாதிக்கு மேற்பட்ட பப்புகளில் ஒரு 'வெள்ளுடைப் பெண்' இருக்கிறாளோ என்று நினைக்கும் அளவுக்குக் கதைகள் உண்டு.

சரி, பேய்ப்படத்தைப் பேய் இருக்கிற இடத்திலேயே எடுத்தால் என்ன தப்பு? பெரிய தப்பு ஒன்றுமில்லை. ஆனால் 'பேய் இருக்கிறதாம்' என்பது ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அல்ல. சொல்லப்போனால் அந்தப் பேர்தான் இடத்தைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைக்கிறது.

இந்த விஷயத்தில் பேச எடுத்துக்கொள்ளத் தோதான இடம் ஜமைக்கா இன். கார்ன்வாலில், பாட்மின் மூர் என்ற புல்லும் பாறையும் மூடுபனியுமான பொட்டல்வெளியின் நடுவே, பால்வென்ட்டர் என்ற சின்னக் குடியிருப்பில் இருக்கிறது. 1750-ல் கட்டிய சத்திரம். கருங்கல் சுவர், தாழ்ந்த கூரை, கடத்தல்காரர்கள் சரக்கை ஒளித்துவைத்த இடம் என்ற பேர். பேய்க்கும் குறைவில்லை. அதில் ஒரு கதை ரொம்பப் பிரசித்தம். பாதி குடித்த பியரை அப்படியே வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போனானாம் ஒருவன். மறுநாள் காலையில் மூரில் பிணமாகக் கிடந்தானாம். விட்டுப்போன மிச்சத்தைக் குடித்து முடிக்க இன்னமும் வந்துகொண்டிருக்கிறானாம். (மிச்சம் வைத்த பியருக்காக இத்தனை காலம் அலைகிறான் என்றால் அது பேயில்லை, நல்ல வாடிக்கையாளர்.)

எழுத்தாளர் டாஃப்னி டு மோரியே 1930-ல் இங்கே வந்து தங்கினார். தோழியோடு குதிரையில் போனவர் மூடுபனியில் வழிதவறித் தவித்துத்தான் திரும்பினார் என்பார்கள். 1936-ல் 'ஜமைக்கா இன்' என்ற பேரிலேயே நாவல் வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த நாவலில் பேயே இல்லை. கப்பல்களைப் பொய் விளக்கு காட்டிப் பாறையில் மோதவைத்து, நீந்தித் தப்பி வருகிறவர்களையும் கொன்று கொள்ளையடிக்கிற மனிதர்கள்தான் இருக்கிறார்கள். மூடுபனியும் தனிமையும் காற்றின் சத்தமும் அந்த இடத்தில் இருந்தவை. அவர் எடுத்துக்கொண்டதும் அவற்றைத்தான்.

1939-ல் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் அதைப் படமாக எடுத்தார். சார்லஸ் லாட்டனும் மொரீன் ஓ'ஹாராவும் நடித்தார்கள். ஹாலிவுட்டுக்குப் போகும் முன் அவர் இங்கிலாந்தில் எடுத்த படம் அது. உண்மையான சத்திரம் அங்கே குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருந்தபோது, மனிதர் லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் செட் போட்டுச் சத்திரத்தைக் கட்டினார். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. அந்தக் காலத்துக் கேமராவும் விளக்குகளும் ஒலிக்கருவியும் உண்மையான சத்திரத்துக்குள் நுழைந்துவிட்டால் நடிகர் நிற்க இடமிருக்காது. படம் அப்படியொன்றும் பிரமாதமில்லை, டு மோரியேவுக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் படத்தின் குறை செட்டில் இல்லை. கதையின் முடிச்சைச் சீக்கிரமே அவிழ்த்துவிட்டு, லாட்டனை முன்னால் நிறுத்தி ஆடவிட்டதில் இருக்கிறது. உண்மையான ஜமைக்கா இன்னில், அந்தப் பியர்க்காரப் பேயின் மேஜையிலேயே எடுத்திருந்தாலும் அந்தக் குறை அப்படியேதான் இருந்திருக்கும்.

அடுத்து 2014. பிபிசி மூன்று பகுதியாக அதே நாவலைத் தொடராக எடுத்தது. கார்ன்வாலோடு கம்ப்ரியாவிலும் யார்க்ஷயரிலும் படப்பிடிப்பு. ஆக, மூரே கொஞ்சம் வேறு மூர்தான். அதைப் பற்றிப் பெரிதாக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தொடர் ஒளிபரப்பானதும் பிபிசிக்கு 2000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. எதற்கு? வசனம் காதில் விழவில்லை என்று! நடிகர்கள் முணுமுணுக்கிறார்கள், ஒலி சரியில்லை, ஒன்றும் புரியவில்லை என்று ஜனங்கள் கொதித்துப்போனார்கள். இருட்டு அழகாக இருந்தது, சேறு தத்ரூபமாக இருந்தது, உடைகள் எல்லாம் கச்சிதம். காதுதான் கோட்டை விட்டது.

லொக்கேஷன் பார்க்கப் போகிற ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய சம்பவம் இது. அழகான இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுத்துவிட்டு, காதால் பிறகு அழுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். ஜமைக்கா இன்னையே எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் பார்த்தால் உலகத்தின் விளிம்பில் இருப்பது போலத் தெரியும். பக்கத்திலேயே ஏ30 நெடுஞ்சாலை ஓடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடத்தல்காரன் வசனம் பேசும்போது பின்னணியில் லாரி போனால் எந்தப் பேயாலும் காப்பாற்ற முடியாது.

சினிமாவில் மறக்க முடியாத பயங்கரமான பப் எது என்று கேட்டால் பலர் சொல்வது 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் வருகிற 'ஸ்லாட்டர்ட் லாம்ப்' பப்பைத்தான். 1981-ல் ஜான் லாண்டிஸ் எடுத்த படம். யார்க்ஷயர் பொட்டல்வெளியில் நடந்து வருகிற இரண்டு அமெரிக்கப் பையன்கள் குளிருக்கு ஒதுங்கி உள்ளே வருவார்கள். உள்ளூர் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். சுவரில் இருக்கிற ஐந்துமுனை நட்சத்திரம் எதற்கு என்று பையன்களில் ஒருவன் கேட்டதும் மொத்த பப்பும் அடங்கிப்போகும். டார்ட்ஸ் எறிகிறவனின் குறி தவறும். அவ்வளவுதான் காட்சி. பார்க்கிற நமக்கு முதுகில் சில்லென்று இறங்கும்.

அந்த பப் உலகத்தில் எங்கேயும் கிடையாது. வெளித்தோற்றம், வேல்ஸில் கிரிக்கடார்ன் என்ற கிராமத்தில் இருந்த ஒரு வீடு. உள்ளே காட்டியது லண்டனுக்குத் தெற்கே சர்ரேயில் இருக்கிற 'பிளாக் ஸ்வான்' என்ற சாதாரண பப். யார்க்ஷயர் பொட்டல்வெளி என்று காட்டியதும் வேல்ஸ்தான். மூன்று இடத்துத் துண்டுகளை ஒட்டிப் பேய்கூட இல்லாத ஒரு பப்பை உருவாக்கினார்கள். அதற்குப் பயத்தைக் கொடுத்தது, பேச்சு சட்டென்று நிற்கிற அந்த ஒரு நொடி. 'விக்கர் மேன்' படத்தில் வருகிற 'கிரீன் மேன்' பப்பும் இப்படித்தான். உள்ளே ஸ்காட்லாந்தின் கிரீடவுனில் ஒரு ஓட்டல், வெளியே வேறு ஊரில் ஒரு எஸ்டேட் அலுவலகம். மே மாத வசந்தம் என்று காட்டுவதற்காக அக்டோபர், நவம்பர் குளிரில் நடிகர்களை வாயில் ஐஸ்கட்டி போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம், பேசும்போது வாயில் புகை வரக்கூடாது என்று. பேய் பிடித்த இடம் வேண்டாம், இந்தப் பிடிவாதம் இருந்தால் போதும்.

இதற்கு ஒரு நேரடிப் பரீட்சையே நடந்திருக்கிறது, பப்பில் இல்லை, ஓட்டலில். ஸ்டீபன் கிங் 1974-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்டான்லி ஓட்டலில் தங்கியபோதுதான் 'தி ஷைனிங்' நாவலுக்கான பொறி கிடைத்தது. குப்ரிக் 1980-ல் அதைப் படமாக்கியபோது ஸ்டான்லி பக்கமே போகவில்லை. வெளித்தோற்றத்துக்கு ஓரிகனில் டிம்பர்லைன் லாட்ஜ், உள்ளே முழுக்க எல்ஸ்ட்ரீயில் போட்ட செட். கிங்குக்கு அந்தப் படம் பிடிக்காமல், 1997-ல் தன் திரைக்கதையோடு தொலைக்காட்சித் தொடராக மறுபடி எடுக்கவைத்தார். இந்த முறை அந்த ஸ்டான்லி ஓட்டலிலேயே. அசல் இடம், அசல் எழுத்தாளர், அசல் வராந்தா. இன்றைக்கு 'ஷைனிங்' என்றதும் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது எது? செட்டில் போட்ட அந்தக் கம்பளத்தின் மேல் சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிற காட்சிதான். அசல் இடத்தில் எடுத்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

'பெரிய இயக்குநர்களிடம் காசு இருந்தது, செட் போட்டார்கள். எங்களிடம் எங்கே இருக்கிறது?' என்று கேட்கலாம். நியாயம்தான். மாணவர்களுக்குச் செட் கட்டுப்படியாகாது, இருக்கிற இடத்தில்தான் எடுத்தாக வேண்டும். அதனால்தான் அந்த இருக்கிற இடத்தைப் பேயை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய பப்புக்குள் போனால் முதலில் இடிப்பது தலை. உத்தரங்கள் அவ்வளவு தாழ்வு. மேலே விளக்கு கட்ட இடமில்லை. மைக்கை நீளக் கழியில் பிடிக்கிற ஆள் கையைத் தூக்கினால் கூரை. கேமராவைப் பின்னால் தள்ள நாலடி கிடைக்காது. கல்தளம் சமமாக இருக்காது, ட்ராலி போட்டால் கப்பல் மாதிரி ஆடும். சுவரெல்லாம் பித்தளைச் சாமான், கண்ணாடி போட்ட படம், பாட்டில். விளக்கை எங்கே வைத்தாலும் ஏதாவது ஒன்றில் மினுங்கும். பல பப்புகள் பாதுகாக்கப்பட்ட கட்டிடப் பட்டியலில் இருப்பவை, சுவரில் இஷ்டத்துக்கு ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. மூடுபனிக்காகப் புகை மெஷினை ஓட்டினால் தீ அலாரம் அலறும். இதையெல்லாம் ஒரு நாள் பகலில் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் பேய்க்கதை கேட்கப் போனவர்கள் ராத்திரியில் போகிறார்கள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உரிமையாளர் கதை சொல்கிறார், புல்லரித்துத் திரும்பி வருகிறார்கள். அவர்கள் பார்த்தது இடத்தை அல்ல, கதையை.

சத்தம் இதைவிட மோசம். பப் என்பது ஓயாமல் உறுமுகிற ஒரு எந்திரம். பியரைக் குளிர்விக்கிற கம்ப்ரசர் நிலவறையில் ஓடும். பாருக்குப் பின்னால் பாட்டில் ஃப்ரிட்ஜ், சமையலறையில் புகைபோக்கி மின்விசிறி, மூலையில் சூதாட்ட மெஷின். மனிதக் காது அஞ்சு நிமிஷத்தில் இந்த உறுமலை மறந்துவிடும். மைக் மறக்காது.

இந்த உறுமலுக்கும் பேய்க்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. விக் டாண்டி என்ற பொறியாளர், கோவென்ட்ரியில் தான் வேலைபார்த்த ஆய்வகத்தில் ஏதோ நிற்பது போலத் தோன்றி வியர்த்துப்போனார். மறுநாள் அங்கே பிடியில் மாட்டியிருந்த வாள்சண்டைக் கத்தி தானாக அதிர்வதைப் பார்த்து ஆராய்ந்தபோது, புதிதாக மாட்டிய ஒரு மின்விசிறி காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்புவது தெரிந்தது. 1998-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். விசிறியைச் சரிசெய்ததும் பேய் போய்விட்டது. கதையாகக் கேட்க அருமை. ஆனால் 2009-ல் லண்டன் ஆய்வாளர்கள் தனி அறை ஒன்றைக் கட்டி, இந்த மாதிரி ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் செலுத்தி 79 பேரைச் சோதித்தார்கள். பலர் விநோத உணர்வுகளைச் சொன்னார்கள்தான், ஆனால் அவை ஒலியோடு பொருந்தவில்லை. 'ஏதாவது தோன்றலாம்' என்று முன்பே சொல்லி அனுப்பியதுதான் வேலை செய்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆக, எல்லாப் பழியையும் கம்ப்ரசர் மேல் போட முடியாது. ஒலிப்பதிவாளருக்கு மட்டும் அது எப்போதும் எதிரி.

முன்பே சொல்லி அனுப்புவது என்றதும் இன்னொரு சோதனை. 1997-ல் லாங்கே, ஹூரான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 22 பேரை ஒரு பழைய நாடக அரங்குக்குள் சுற்றிவர அனுப்பினார்கள். பாதிப்பேரிடம் 'இங்கே பேய் இருக்கிறதாம்' என்றும், மீதிப்பேரிடம் 'பழுதுபார்க்கிற வேலை நடக்கிறது' என்றும் சொன்னார்கள். இடம் ஒன்றுதான். பேய் என்று கேட்டவர்களுக்குத்தான் கூடுதலாக 'ஏதேதோ' நடந்தது.

இதைப் படப்பிடிப்புக்குப் பொருத்திப் பாருங்கள். பப் மூடிய பிறகு ராத்திரி பதினொன்றரைக்குத்தான் உள்ளே விடுவார்கள், விடியற்காலைக்குள் காலி செய்ய வேண்டும். பன்னிரண்டு பேர், தூக்கமில்லை, சாப்பிட்டது ரெண்டு சாண்ட்விச். மூன்று மணிக்கு ஒரு விளக்கு ஸ்டாண்ட் சரிகிறது. பேய் இல்லாத இடமாக இருந்தால், 'யாருடா மணல் மூட்டை வைக்காம விட்டது?' என்று கத்தி, மூட்டையை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பேர்பெற்ற பேய் பப்பாக இருந்தால்? எல்லோரும் செல்போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். 'ஷூட்டிங்கில் நடந்த மர்மம்' என்று ஒரு வீடியோ தயார். மணல் மூட்டை வைக்கப்படவே இல்லை. அடுத்த முறை அந்த ஸ்டாண்ட் யார் தலையிலாவது விழும். நிலவறைப் படி ஈரமாக இருக்கிறது, தரையில் வயர் குறுக்கே கிடக்கிறது, எல்லோரும் அரைத்தூக்கம். ஆபத்து இருப்பது இங்கேதான். பேய்க்கதை செய்கிற கெடுதல், ஜனங்களைப் பயமுறுத்துவது அல்ல. பயப்பட வேண்டியதிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுவதுதான்.

அந்த வீடியோ விஷயத்துக்கு வருவோம். இதில் நேர்மை என்று ஒன்று இருக்கிறது. 2002-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'மோஸ்ட் ஹான்டட்' என்ற நிகழ்ச்சி ஆரம்பித்தது. பழைய மாளிகை, பப், சிறைச்சாலை என்று ராத்திரியில் போய், பச்சைநிறக் கேமராவில் அலறுவார்கள். 2005-ல் அந்தக் குழுவிலேயே இருந்த உளவியலாளர் கியரன் ஓ'கீஃப் பத்திரிகையில் குட்டை உடைத்தார். பாட்மின் சிறைக்குப் போனபோது, 'கிரீட் கேஃபர்' என்று இல்லாத ஒரு சிறைக்காவலனின் பெயரைத் தானே உருவாக்கி, ஆவியோடு பேசுகிறவரின் காதுக்கு எட்டும்படி செய்தாராம். ஆவியோடு பேசுகிறவர் அன்று ராத்திரி அதே கிரீட் கேஃபரோடு பேசினாராம். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால், ஆவியோடு பேசுகிறவரின் பெயரும் 'போலி' என்ற அர்த்தமுள்ள சொல்லும் வரும்! அதே வருஷக் கடைசியில், ஒளிபரப்பைக் கண்காணிக்கிற ஆஃப்காம் அமைப்பு, புகார்களை விசாரித்துவிட்டு, இது பொழுதுபோக்கு நிகழ்ச்சியே தவிர உண்மையான ஆய்வு அல்ல என்று சொல்லிவிட்டது.

கதைப்படத்தில் பேயைக் காட்டுவது பொய்யில்லை. பார்க்கிறவருக்கும் தெரியும், எடுக்கிறவருக்கும் தெரியும். ஆனால் 'நிஜமாகவே பேய் உள்ள இடத்தில் எடுத்த படம், படப்பிடிப்பில் கேமரா தானாக அணைந்தது' என்று விளம்பரம் செய்கிற நொடியில் அது கதைப்படத்தைத் தாண்டிவிடுகிறது. கேமரா அணைந்தது பேட்டரி தீர்ந்ததால் என்று எடுத்தவர்களுக்கே தெரியும். திரையில் பயம் வரவில்லை, அதனால் போஸ்டரில் பயத்தைக் கடன் வாங்குகிறார்கள்.

கடன் யாரிடமிருந்து என்பது இன்னும் முக்கியம். வேல்ஸில் 'ஸ்கிரிட் இன்' என்று ஒரு பப். வேல்ஸிலேயே பழமையானது என்று பேர். 1110-ல் ஆடு திருடிய ஒருவனை அங்கே தூக்கிலிட்டார்கள், மொத்தம் 180 பேர் மாடிப்படிக்கு மேலே இருக்கிற உத்தரத்தில் தொங்கினார்கள் என்று கதை. ஆனால் இப்போது நிற்கிற கட்டிடம் 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதுதான் கட்டிட வரலாறு தெரிந்தவர்களின் கணிப்பு. 1110-க்கும் அந்த உத்தரத்துக்கும் நடுவே ஐந்நூறு வருஷம் இடைவெளி. 180 என்ற எண் மட்டும் கச்சிதமாக இருக்கிறது, பேர்களைக் காணோம்.

இதில் இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். கதை பொய் என்றால், படக்குழு பொய்யை விற்கிறது. கதையில் ஒரு துளியாவது நிஜம் என்றால், அங்கே செத்தவன் ஒரு ஆட்டுக்காகத் தூக்கில் தொங்கிய ஏழை. பசிக்குத் திருடினானோ, திருடவே இல்லையோ. அவனைக் கயிறோடு அலையவிட்டு, காட்சிக்குக் காட்சி 'பூ!' என்று கத்தவைக்கிற கதைகள்தான் வருகின்றன. தூக்குப் போட்ட நீதிபதியின் பேய் ஏன் ஒரு குறும்படத்தில்கூட வெட்கப்பட்டுத் தலைகுனிந்து வரமாட்டேன் என்கிறது? அப்படி ஒரு கதை கிடைத்தால் அதற்காக அந்த பப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது இடத்துக்கும் படத்துக்கும் சம்பந்தம் இருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பிரிட்டனில் பப்புகள் செத்துக்கொண்டிருக்கின்றன. 2000-ல் சுமார் 60,000 இருந்தவை 2020-களில் சுமார் 45,000-ஆகக் குறைந்துவிட்டன. வரி, மின்கட்டணம், வீட்டிலேயே குடிக்கிற பழக்கம், கோவிட் என்று பல காரணம். ஊருக்கு வெளியே நிற்கிற ஒரு பழைய பப், பேயின் தயவில் பிழைக்கிறது என்றால் அந்தப் பேய்க்கு ஒரு கும்பிடு போடலாம். முன்னே சொன்ன டிம்பர்லைன் லாட்ஜ்காரர்கள், நாவலில் வருகிற 217-ம் எண் அறையைப் படத்தில் காட்டவேண்டாம், அப்புறம் யாரும் அதில் தங்க மாட்டார்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். குப்ரிக் எண்ணை 237 என்று மாற்றினார். அங்கே 237 என்ற அறையே கிடையாது. கடைசியில் என்ன ஆயிற்று? அந்த லாட்ஜில் அதிகம் பேர் கேட்டு வாங்குகிற அறையே 217-தானாம்! பேய் வியாபாரத்தைக் கெடுக்காது என்பதைப் பப்காரர்கள் ரொம்ப நாளாக அறிவார்கள். அதனால்தான் சில உரிமையாளர்கள் மாணவர்களுக்குச் சும்மாவே இடம் கொடுக்கிறார்கள், படத்தில் பப்பின் பேர் வந்தால் போதும் என்று. காசில்லாத குழுவுக்கு அது பெரிய உதவி. அதைக் கேவலமாகப் பேசத் தேவையில்லை.

ஆனால் பேய்க்கு வெளியேயும் பழைய பப்புகளிடம் விஷயம் இருக்கிறது. ஸ்டாஃபர்ட்ஷயரில் 'குரூக்கட் ஹவுஸ்' என்று ஒன்று இருந்தது. 1765-ல் பண்ணைவீடாகக் கட்டியது. அடியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதில் ஒரு பக்கம் நாலடி போல இறங்கி, கட்டிடமே சாய்ந்து நின்றது. உள்ளே மேஜையில் கோலியை வைத்தால் மேல்நோக்கி உருள்வது போலத் தெரியும், கண்ணை ஏமாற்றுகிற சாய்வு. பேய் என்று யாரும் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, சுரங்கம்தான் காரணம் என்று தெரிந்தே ஜனங்கள் வந்து கோலியை உருட்டி வாயைப் பிளந்தார்கள். 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி அது தீப்பிடித்தது. இரண்டே நாளில், சட்டப்படி அனுமதி வாங்காமலே, மிச்சத்தையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஊரே கொந்தளித்தது, 2024-ல் உள்ளூர் நிர்வாகம் திரும்பக் கட்டித்தரச் சொல்லி உத்தரவு போட்டது. கட்டினாலும் அந்தச் சாய்வு எப்படி வரும்? மூலை முடுக்கெல்லாம் யாராவது நிதானமாகப் படம் பிடித்து வைத்திருந்தால் அதுவே பெரிய சொத்து.

ஆகவே பேய் பப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிற குழுவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். பேய் பற்றி எதுவும் கேட்காதீர்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக் கேளுங்கள். எது உறுமுகிறது, எதை அணைக்கலாம், எதை முடியாது? ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எத்தனை மணிக்கு விலகும்? அகலமான படி எது, அவசரத்துக்கு வெளியேறும் கதவு எங்கே? இதற்கெல்லாம் நல்ல பதில் கிடைத்தால் எடுங்கள். உரிமையாளரின் பேய்க்கதையைக் கடைசி நாள் காசு கொடுக்கும்போது கேட்டுக்கொள்ளலாம், அவருக்கும் சந்தோஷம்.

அப்புறம் ஒன்று. சத்தத்துக்காக ஃப்ரிட்ஜை அணைக்கும்போது, காரை ஓட்டிவந்தவர் தன் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். சினிமாக்காரர்கள் எல்லோரும் செய்கிற பழைய வேலை இது. சாவியை எடுக்க வரும்போது ஸ்விட்சைப் போட ஞாபகம் வந்துவிடும். இல்லையென்றால் மறுநாள் காலை கடையைத் திறந்து கெட்டுப்போன கறியின் வாடையை முகர்கிற பப்காரர், அந்த ஊரில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு பேயாக மாறுவார் :-)